‘ஹைதர் காலத்துப் பழசு!’

மின்சார ரயில் கிண்டியைத் தாண்டிவிட்டது. ஜன்னலோரத்தில் ஒரு தாத்தா. சட்டைப் பையிலிருந்து பட்டன் போனை எடுத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஏதோ ஒரு நம்பரைத் தேடுகிறார். எதிரில் உட்கார்ந்திருக்கும் பேரன் சிரிக்கிறான்.

“இன்னும் இதையா தாத்தா வச்சிருக்கீங்க? ஹைதர் அலி காலத்து போனு!”

பக்கத்தில் இருப்பவர்களும் சிரிக்கிறார்கள். கடற்கரை - தாம்பரம் ரயிலில் இந்த வார்த்தையை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். பழைய ஸ்கூட்டர், பழைய மிக்ஸி, பழைய சட்டம் எல்லாமே நமக்கு ‘ஹைதர் காலத்துப் பழசு’தான். சொல்கிறவருக்கும் ஹைதர் யார் என்று தெரிய வேண்டியதில்லை. கேட்கிறவருக்கும் தெரிய வேண்டியதில்லை.

பேரன் அதைச் சொல்லி முடிக்கும்போது வலது பக்கத்தில் பரங்கிமலை தெரிகிறது. 1769-ம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், அதே ஹைதர் அலி குதிரைப்படையோடு வந்து நின்றது இந்த மலைப் பக்கத்தில்தான். கோட்டைக்குள் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

திண்டுக்கல்லில் ஏறிய படி

ஹைதர் அலி அரச குடும்பத்தில் பிறந்தவர் அல்ல. கோலார் பக்கம் பூதிக்கோட்டையில், 1720-ஐ ஒட்டிய காலத்தில், ஒரு படைத் தலைவரின் மகனாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், அபார ஞாபகசக்தி. மைசூர் உடையார்களின் படையில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தார். அதில் ஒரு பெரிய படி நம்ம திண்டுக்கல். 1755-ல் அங்கே ஃபௌஜ்தார், அதாவது படைப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். அங்கேதான் தனக்கென்று ஒரு படையைக் கட்டினார். பிரெஞ்சுக்காரர்களைக் கொண்டு பீரங்கி வேலை பழக்கினார். 1761-ல் மைசூரின் முழு அதிகாரமும் அவர் கைக்கு வந்துவிட்டது. சிம்மாசனத்தில் உடையார், நிர்வாகத்தில் ஹைதர்.

அதே காலத்தில் சென்னைக் கோட்டையிலும் ஒரு வளர்ச்சி. ‘கும்பினி’ என்று நம் முன்னோர் சொன்ன கம்பெனி, வியாபாரத்துக்கு வந்து ஊர்களை ஆளத் தொடங்கியிருந்தது. ஆற்காடு நவாப் முகமது அலி, கடனுக்கு ஈடாக 1763-ல் செங்கல்பட்டுச் சீமையையே ஜாகிராக எழுதிக் கொடுத்துவிட்டார். பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம், வண்டலூர் என்று இன்று ரயில் நிற்கும் ஊர்கள் எல்லாம் இப்படித்தான் கும்பினியின் கைக்குப் போயின. ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை.

இந்த இரண்டு வளர்ச்சிகளும் ஒரு நாள் முட்டிக்கொள்ளத்தான் வேண்டும். 1767-ல் முட்டிக்கொண்டன.

மூன்றரை நாளில் 130 மைல்

முதல் மைசூர்ப் போர் தொடங்கிய அதே ஆண்டில், ஹைதரின் மகன் திப்பு குதிரைப்படையோடு சென்னை எல்லைவரை வந்தார். அப்போது அவருக்குப் பதினாறு, பதினேழு வயது. நகரைச் சுற்றியிருந்த வெள்ளைக்காரர்களின் தோட்ட வீடுகள் சூறையாடப்பட்டன. கும்பினிக்கு அது முதல் எச்சரிக்கை.

இரண்டு ஆண்டுகள் போர் இழுத்தது. ஹைதருக்கு எதிராக அனுப்பப்பட்ட கர்னல் ஜோசப் ஸ்மித் திறமைசாலி. நேருக்கு நேர் மோதினால் கஷ்டம் என்று ஹைதருக்குத் தெரியும். அதனால் ஒரு வித்தை செய்தார். ஸ்மித்தின் படையைச் சென்னையிலிருந்து தெற்கே வெகுதூரம் இழுத்துக்கொண்டு போனார். பிறகு பெரிய படையையும் பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் மலைப்பாதை வழியாகத் திருப்பி அனுப்பிவிட்டு, தேர்ந்தெடுத்த 6,000 குதிரை வீரர்களோடும் கொஞ்சம் காலாட்களோடும் வடக்கே திரும்பினார். 130 மைல் தூரம், அதாவது சுமார் 210 கிலோமீட்டர். மூன்றரை நாளில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

தார்ச் சாலை கிடையாது. மேம்பாலம் கிடையாது. இடையில் பாலாறு வேறு. பண்டிகை முடிந்து ஊரிலிருந்து திரும்பும் கூட்டத்தில் பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டு தவித்தவர்களுக்கு அந்த வேகத்தின் அருமை புரியும்!

கோட்டை சில மைல் தூரத்தில். ஆனால், ஹைதர் கோட்டையைத் தாக்கவில்லை. அவரிடம் பெரிய பீரங்கிகள் இல்லை. கோட்டையைப் பிடிப்பது நோக்கமும் இல்லை. சமாதானம் பேச ஆள் அனுப்பச் சொன்னார். யார் வர வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். கவர்னர் குழுவில் முக்கியமானவரும், அடுத்த கவர்னராக வரவிருந்தவருமான தூப்ரே வர வேண்டும். பின்னாலேயே துரத்திக்கொண்டு வரும் ஸ்மித்தின் படை நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இரண்டுக்கும் கும்பினி தலையாட்டியது.

1769 ஏப்ரல் தொடக்கத்தில் உடன்படிக்கை கையெழுத்தானது. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தருவது. மூன்றாவது ஆள் யாராவது தாக்கினால் ஒருவருக்கொருவர் உதவிக்குப் போவது. இந்த இரண்டாவது ஷரத்து ஹைதருக்கு முக்கியம். மராட்டியர்கள் எந்த நேரமும் வரலாம் என்பது அவருக்குத் தெரியும்.

இந்தச் சமாதானத்தைப் பற்றி, ஹைதரிடம் வேலை பார்த்த ஒரு பிரெஞ்சுக்காரர் தன் நூலில் ஒரு வேடிக்கைக் கதை எழுதியிருக்கிறார். கோட்டை வாசலில் ஒரு கேலிச் சித்திரம் ஒட்டப்பட்டதாம். ஹைதர் உட்கார்ந்திருக்க, கவர்னரும் குழுவினரும் மண்டியிட்டிருக்க, தூப்ரேயின் மூக்கு யானைத் தும்பிக்கையாக நீண்டிருக்க, அதை ஹைதர் பிடித்து உலுக்கப் பொற்காசுகள் கொட்டுகின்றனவாம். கதையாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால், ஹைதர் பற்றிய செய்திகள் லண்டனுக்குப் போய்ச் சேர்ந்ததும் அதே 1769-ல் கம்பெனியின் பங்கு விலை மளமளவென்று சரிந்தது, கதை அல்ல. ஹைதரின் குதிரைகள் லண்டன் பங்குச்சந்தையில் முதலீட்டாளர்களின் தூக்கத்தைக் கெடுத்தன.

காற்றில் போன வாக்கு

ஹைதர் பயந்தபடியே மராட்டியர் வந்தார்கள். 1771-ல் அவருக்குப் பலத்த தோல்வி. ‘உடன்படிக்கைப்படி உதவிக்கு வாருங்கள்’ என்று கும்பினிக்குச் சொல்லி அனுப்பினார். கும்பினி இன்று நாளை என்று இழுத்தடித்தது. கடைசிவரை ஒரு சிப்பாய்கூடப் போகவில்லை.

இது ஹைதரின் மனதில் ஆறாத புண்ணாகத் தங்கிவிட்டது. அவர் கும்பினியின் எதிரியாக மட்டும் இருந்தால் கதை சாதாரணம். நண்பனாக இருக்கக் கையெழுத்துப் போட்டு, ஏமாற்றப்பட்டவர் அவர்.

அந்த ஆண்டுகளில் கும்பினியால் நாட்டை இழந்த இன்னொருவருக்கு அவர் நிழல் கொடுத்தார். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்து வடுகநாதரைப் பறிகொடுத்துவிட்டு வந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியாருக்குத் திண்டுக்கல், விருப்பாட்சிப் பக்கம் அடைக்கலம் கிடைத்தது ஹைதரின் ஆதரவில்தான். எட்டு ஆண்டுகள் காத்திருந்து, 1780-ல் வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்டபோது ஹைதரின் படை உதவியும் கூட இருந்தது.

1779-ல் கும்பினி மாஹேயைப் பிடித்தது. பிரெஞ்சுக்காரர்களின் துறைமுகம்தான்; ஆனால், தன் பாதுகாப்பில் இருக்கிறது என்று ஹைதர் சொல்லியிருந்த இடம். ஹைதரின் தளவாடங்கள் வந்து இறங்கும் வழியும் அதுதான். பொறுத்தது போதும் என்று முடிவெடுத்தார்.

மலையிலிருந்து தெரிந்த புகை

1780 ஜூலை. செங்கம் கணவாய் வழியாக ஹைதரின் படை இறங்கியது. சுமார் 80,000 பேர், 100 பீரங்கிகள். செய்தி வந்தபோது சென்னையில் பலரும் நம்பவில்லையாம். பரங்கிமலையிலிருந்து பார்த்தால் ஊர்கள் எரியும் புகை தெரிகிறது என்ற நிலை வந்த பிறகுதான் நம்பினார்கள்.

இந்த இடத்தில், ஹைதரை வீரராக மட்டும் பார்த்துப் பழகியவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. எரிந்தவை யாருடைய ஊர்கள்?

ஹைதரின் கணக்கு எளிமையானது. கும்பினியின் பலம் கோட்டையில் இல்லை; கோட்டைக்கு நெல்லும் மாடும் வரியும் அனுப்பும் கிராமங்களில் இருக்கிறது. அந்தக் கிராமங்களை வெறுமையாக்கிவிட்டால் கோட்டை பட்டினி கிடக்கும். அதனால் பழவேற்காடு ஏரியிலிருந்து புதுச்சேரிப் பக்கம் வரை, கடற்கரையிலிருந்து உள்ளே 30 முதல் 50 மைல் தூரத்துக்கு ஊர்களை அழிக்க உத்தரவிட்டார். இன்றைய தென்சென்னைப் புறநகர் முழுவதும் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது. வைக்கோல் போர் எரிந்தது. மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. ஏரிகள் பராமரிக்க ஆளின்றிப் போயின. ஜனங்கள் கைக்குழந்தைகளோடு கோட்டையைப் பார்த்து ஓடினார்கள்.

கும்பினிப் படைகளும் போகும் வழியில் கிடைத்ததை எடுத்துக்கொண்டுதான் போயின. இரண்டு யானைகள் சண்டை போட்டால் மிதிபடுவது புல்தான்.

இதற்குத் தமிழ் ஜனங்கள் வைத்த பெயர் ‘ஹைதர் கலாபம்’. தொண்டை மண்டலத்தில் பல ஊர்களின் பழைய கதைகளில், ‘கலாபத்தின்போது எங்கள் முன்னோர் ஊரைவிட்டு ஓடினார்கள்’, ‘கலாபத்துக்குப் பயந்து சாமியை மறைத்து வைத்தார்கள்’ என்ற பேச்சு வரும். எதையுமே ‘ஹைதர் காலத்தது’ என்று சொல்லும் நம் வழக்கத்துக்கு அடியிலும் இந்தப் பயம் புதைந்திருக்கலாம். ஒரு தலைமுறைக்கு அது காலத்தைப் பிரிக்கும் கோடு. கலாபத்துக்கு முன், கலாபத்துக்குப் பின்.

போரோடு பஞ்சமும் வந்தது. சென்னைக்கு ஓடிவந்தவர்களுக்காக 1782-ல் நகரின் வடக்கே கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று தொடங்கியது. அதுதான் மணியக்காரர் சத்திரம். பிறகு அங்கே நோயாளிகளைப் பார்க்க மருத்துவமனை வந்தது. வளர்ந்து வளர்ந்து இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. வடசென்னைப் பெரியவர்கள் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று சொன்னதற்கு இதுதான் காரணம். ஹைதரின் போர் சென்னைக்கு விட்டுச்சென்ற அடையாளங்களில் இதுவும் ஒன்று.

புள்ளலூர் வயல்களில்

1780 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் கும்பினியின் பெரும்படை பரங்கிமலையிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் புறப்பட்டது. தலைமை, 1764-ல் பக்சாரில் வென்ற ஹெக்டர் மன்றோ. குண்டூரிலிருந்து கர்னல் பெய்லி இன்னொரு படையோடு வந்து சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. வழியில் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம். பெய்லி பல நாட்கள் கரையிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அந்த நாட்கள் ஹைதருக்குப் போதும்.

செப்டம்பர் 10. காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூர் வயல்வெளி. பல்லவ மன்னர் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகச் செப்பேட்டில் சொல்லப்படும் அதே புள்ளலூர். விடியற்காலையில் பெய்லியின் படையைத் திப்பு வளைத்தார். பின்னாலேயே ஹைதர் முழுப் படையோடு வந்து சேர்ந்தார். மைசூர்க்காரர்களின் ராக்கெட்டுகள் சீறின, பீரங்கிகள் முழங்கின. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. வெடிக்க வைத்தது ராக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும் அதோடு சண்டையின் போக்கு முடிவாகிவிட்டது. கிட்டத்தட்ட 3,700 பேர் கொண்ட படை அழிந்தது. 86 ஐரோப்பிய அதிகாரிகளில் 36 பேர் இறந்தார்கள், மற்றவர்கள் சிறைப்பட்டார்கள். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782-ல் இறந்தார்.

அந்த 3,700 பேரில் பெரும்பகுதி வெள்ளைக்காரர்கள் அல்ல, சம்பளத்துக்குச் சேர்ந்த நம்மவர்கள். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சில மைல் தூரத்தில் காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோ, செய்தி கேட்டதும் கனமான பீரங்கிகளை ஊர்ப் பெரிய குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு ஓடினார். அங்கிருந்து பரங்கிமலைப் பக்கம் வந்து சேர்ந்தார். நாம் தினமும் போய் வரும் அந்த 40 கிலோமீட்டரை, கும்பினியின் படை ஹைதரின் குதிரைகள் எந்தப் பக்கம் வருமோ என்று திரும்பிப் பார்த்தபடி கடந்தது. அந்தப் படையில் 19 வயது இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் தாமஸ் மன்றோ. பின்னாளில் சென்னை கவர்னர் ஆனவர். தீவுத்திடலில் அங்கவடி இல்லாத குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும் சிலை அவருடையதுதான்.

புள்ளலூர் வெற்றியைத் திப்பு மறக்கவில்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-ல் கட்டிய தரியா தௌலத் மாளிகையின் சுவர் முழுக்க அந்தக் காட்சியை வரைய வைத்தார். பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கும் பெய்லியை இன்றும் அங்கே பார்க்கலாம். புள்ளலூரிலேயே பார்க்கக் கிடைப்பவை வேறு. அடுத்த ஆண்டு அதே இடத்தில் நடந்த இன்னொரு சண்டையில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளின் நினைவுத் தூண்கள் வயலோரத்தில் நிற்கின்றன.

வற்றாத கடல்

புள்ளலூரில் ஜெயித்த கையோடு ஹைதர் சென்னைமேல் பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வரலாற்று ஆர்வலர்கள் இன்றும் கேட்கும் கேள்வி. அவர் பாயவில்லை, ஆற்காட்டைப் பிடிக்கப் போனார். அதற்குள் வங்காளத்திலிருந்து கப்பலில் பணமும் படையும் வந்துவிட்டன. அயர் கூட் தலைமையில் வந்த அந்தப் படை, 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தது.

நிலத்தில் இருப்பதையெல்லாம் அழித்துவிட முடியும், ஆனால் கடலை வற்றவைக்கத் தன்னால் முடியாது என்று அவர் தன் மந்திரி பூர்ணையாவிடம் மனம்விட்டுச் சொன்னதாக ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். கும்பினியின் உண்மையான பலம் எங்கே இருக்கிறது என்பதை ஹைதர் அளவுக்கு அன்று புரிந்துகொண்ட மன்னர்கள் குறைவு.

1782 டிசம்பர் 7 அன்று, சித்தூர் அருகே முகாமில், முதுகில் வந்த கட்டியால் ஹைதர் இறந்தார். மலபாரிலிருந்து திப்பு வந்து சேரும்வரை சாவை வெளியே தெரியாமல் காத்தவர்கள் பூர்ணையாவும் கிருஷ்ணராவும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் பேசினார். ஹைதர் கர்நாடகச் சீமையை எப்படி நெருப்பிட்டு அழித்தார் என்பதைக் கேட்டவர் உறையும்படி விவரித்தார். ஆனால், பழியை ஹைதர்மேல் மட்டும் போடவில்லை. கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையை மதிக்காதவர்களால்தான் இந்த நிலை வந்தது என்று தன் நாட்டுக்காரர்களையே குற்றம் சாட்டினார்.

குரோம்பேட்டை மாணவர்

பரங்கிமலையில் தொடங்கிய கதை, ரயில் பல்லாவரத்தைத் தாண்டியதும் வேறு விதமாகத் தொடர்கிறது.

குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. என்ற சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி 1949-ல் தொடங்கியது. சில ஆண்டுகள் கழித்து ராமேசுவரத்திலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். கட்டணம் கட்டப் பணம் இல்லாமல், அவருடைய அக்கா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்த மாணவர் ஏ.பி.ஜே.அப்துல் கலாம். கல்லூரி வளாகத்தில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்துத்தான் பறக்கும் ஆசை வந்தது என்று ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்கிறார்.

அதே நூலில் இன்னொரு சம்பவமும் வருகிறது. பயிற்சிக்காக அமெரிக்கா போன கலாம், நாசாவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைப் பார்க்கிறார். பின்னணியில் ராக்கெட்டுகள் பறக்கும் போர்க்களம். ராக்கெட் விடுகிற பக்கத்தில் இருப்பவர்கள் வெள்ளையர்கள் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தால், ஆங்கிலேயரோடு மோதும் திப்பு சுல்தானின் படை! சொந்த நாட்டில் மறந்துபோன ஒரு விஷயத்தைப் பூமியின் மறுபக்கத்தில் மதித்து மாட்டி வைத்திருக்கிறார்களே என்று அவர் நெகிழ்ந்து போகிறார். இந்தியா திரும்பிய பிறகு, 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து நம் மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்டபோது, அந்தக் குழுவில் அவரும் இருந்தார்.

மைசூர் ராக்கெட்டில் என்ன விசேஷம்? வாணவேடிக்கைக்கு ராக்கெட் விடுவது பல நாடுகளுக்குத் தெரிந்ததுதான். ஆனால், அவற்றின் உறை காகிதம் அல்லது மூங்கில். மைசூர்க் கொல்லர்கள் இரும்புத் தகட்டில் குழாய் செய்தார்கள். இரும்பு என்பதால் மருந்தை இறுக்கிக் கெட்டிக்கலாம், அழுத்தம் கூடும், அதிக தூரம் போகும். ஒரு மைலுக்கு மேல் போன ராக்கெட்டுகள் உண்டு. ஹைதர் காலத்தில் வளர்ந்த இந்தக் கலையைத் திப்பு பெரிய அளவுக்குக் கொண்டுபோனார். 2018-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கால ராக்கெட்டுகள் வெளியே வந்தன.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்தபின், அங்கே கிடைத்த ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்குப் போயின. அவற்றைப் பார்த்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தன் ராக்கெட்டை உருவாக்கினார். 1814-ல் பிரிட்டிஷ் கப்பல்கள் பால்டிமோர் கோட்டைமேல் அவற்றை ஏவின. அமெரிக்க தேசிய கீதத்தில் ராக்கெட் வெளிச்சம் இடம்பிடித்தது இப்படித்தான். நம் புள்ளலூர் வயலில் சீறியவற்றின் வாரிசுகள் அவை.

ஜெயித்தவர்களின் கணக்கு

தோற்றவர்களின் சுவடு இப்படி என்றால், ஜெயித்தவர்களின் சுவடும் இந்தப் பகுதியில் உண்டு. ஸ்ரீரங்கப்பட்டணச் சண்டையில் இருந்த வில்லியம் லாம்டன் என்ற அதிகாரி, கைக்கு வந்த நாட்டைச் சரியாக அளந்தாக வேண்டும் என்று திட்டம் கொடுத்தார். 1802 ஏப்ரல் 10 அன்று வேலை தொடங்கியது. எங்கே? பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்று வரை, ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோடு. அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டே போய், கடைசியில் இமயமலையின் உயரம் வரை கணக்கிட்டார்கள். இந்திய வரைபடமே மைசூர் வீழ்ச்சியின் தொடர்ச்சியாக, நம் புறநகரில் பிறந்தது. மலைமேல் லாம்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது.

அதே 1802-ல் நகருக்குள் கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு விருந்து மண்டபத்தைக் கட்டி முடித்தார். பிளாசி வெற்றிக்கும் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிக்கும் நினைவாக. எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி என்று தலைவர்களின் உடல்களுக்கு ஊரே திரண்டு அஞ்சலி செலுத்திய ராஜாஜி ஹால்தான் அது. திப்புவின் சாவைக் கொண்டாடக் கட்டிய மண்டபம், தமிழ்நாடு அழும் இடமாக மாறிப்போனது.

கலாபத்தில் சீரழிந்த ஏரிகள்? அவை நிமிரப் பல ஆண்டுகள் ஆயின. 1790-களில் ஜாகிரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் பல ஏரிகளைச் செப்பனிட்டார். மதுராந்தகம் ஏரிக்கரையை மழை இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு காத்து நின்றதை அவர் கண்டதாகச் சொல்லப்படும் ‘ஏரி காத்த ராமர்’ கதை நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்த ஜனங்கள், அதைக் காக்கத் தெய்வமே இறங்கி வந்தது என்று நம்பியதில் ஆச்சரியம் இல்லை.

பேரனுக்கு என்ன சொல்வது?

ஹைதர் அலி நல்லவரா, கெட்டவரா என்று ஒரே வார்த்தையில் கேட்டால் பதில் கிடைக்காது. எழுதத் தெரியாத ஒருவர், உலகத்தின் பெரிய கம்பெனியை அதன் வாசலிலேயே கையெழுத்துப் போட வைத்தார். அடைக்கலம் என்று வந்த ராணிக்கு இடம் கொடுத்தார். கடல் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் நாடு இருக்கும் என்பதைக் கண்டுகொண்டார். அதே மனிதர்தான், கும்பினியைப் பட்டினி போடுவதற்காக, கும்பினியை வரவழைக்காத ஏழைகளின் களத்தில் நெருப்பு வைத்தார்.

வீரத்தை மட்டும் சொன்னால், கைக்குழந்தையோடு ஓடிய தாம்பரத்துத் தாயை மறந்துவிடுகிறோம். நெருப்பை மட்டும் சொன்னால், கையெழுத்துப் போட்ட வாக்கை மீறிய கும்பினியைத் தப்பவிட்டுவிடுகிறோம். இரண்டையும் சேர்த்துச் சொன்னாலும் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். காலையில் பரங்கிமலை ஏறி, மேலிருந்து தெற்கே பாருங்கள். ஓடுபாதையில் விமானம் இறங்கும். அதற்கு அப்பால் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று வீடுகள், வீடுகள், வீடுகள். 1780-ல் இங்கே நின்றவர்கள் புகையைப் பார்த்த திசைகளை நீங்களே விரல் நீட்டிக் காட்டலாம். இன்னொரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போனால், கோயில் தரிசனத்தோடு புள்ளலூரையும் ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம்.

ரயில் தாம்பரத்துக்குள் நுழைகிறது. தாத்தாவுக்கு இப்போதுதான் நம்பர் கிடைத்திருக்கிறது.

“அதை விடு. ஹைதர் அலி யாருன்னு உனக்குத் தெரியுமா?” என்று பேரனைக் கேட்கிறார்.

பேரன் தலையைச் சொறிகிறான்.

“வா, நடந்துக்கிட்டே சொல்றேன். அவர் இந்தப் பக்கம் வந்திருக்கார்.”